கடவுச்சொல்லும் சரி, கடிகாரமும் சரி. ஆனாலும் உள்நுழைவு மறுக்கப்படுகிறது

வாவிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நகரில் உள்ள ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். களுவாஞ்சிகுடியிலும் வாழைச்சேனையிலும் எமக்குக் கிளைகள் உண்டு. மாணவர் வரவு, கட்டணம், புள்ளிகள் ஆகியவற்றைப் பதியும் வலைச்செயலி எமது அலுவலகத்திலேயே உள்ள இரண்டு லினக்ஸ் சேவையகங்களில் ஓடுகிறது. முன்னால் ஒரு லோட் பேலன்சர் இருந்து, வருகின்ற பயனர்களை இரண்டுக்கும் பிரித்து அனுப்புகிறது.

முன்னர் கடவுச்சொல்லை இந்தச் செயலியே சரிபார்த்து வந்தது. அண்மையில் உள்நுழைவை மட்டும் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த தனிச் சேவையகத்துக்கு மாற்றினோம். அது கடவுச்சொல்லையும், கைத்தொலைபேசிச் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணையும் சரிபார்த்து, ஒப்பமிட்ட ஜேடபிள்யூடி டோக்கன் (இவர் உள்நுழைந்தவர் என்று சொல்லும் மின்னணுச் சீட்டு) ஒன்றைக் கொடுத்துப் பயனரைத் திருப்பி அனுப்பும். அந்த டோக்கனை எமது சேவையகம் ஏற்றுக்கொண்டால் உள்ளே போகலாம்.

இம்மாற்றத்துக்குப் பிறகு ஆசிரியர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் உள்ளே போக முடியாமல் இருக்கிறார்கள். கடவுச்சொல்லும் ஆறு இலக்க எண்ணும் ஏற்கப்படுகின்றன. ஆனால் முகப்புப் பக்கம் திறப்பதற்குப் பதிலாக உலாவி முன்னும் பின்னும் அலைந்துவிட்டு, திசைமாற்றங்கள் அளவுக்கு மீறிவிட்டன என்று சொல்லி நின்றுவிடுகிறது. குக்கீகளை அழித்தால் சிலருக்குச் சரியாகிறது, சிலருக்கு ஆவதில்லை. அதனால் முதலில் குக்கீயில்தான் கோளாறு என்று நினைத்து அதிலேயே நேரத்தைச் செலவழித்தோம். பதிவுக் கோப்பில் கிடைக்கும் ஒரே துப்பு, "டோக்கன் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை" என்ற பொருள்படும் ஒரு வரி. இணையத்தில் தேடினால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கும்படி சொல்கிறார்கள். இரண்டு சேவையகங்களின் கடிகாரங்களையும் என் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றும் ஒரே மணி, ஒரே நிமிடத்தைக் காட்டுகின்றன. சிங்கப்பூர்ச் சேவையகம் தன் நேரத்தைத் தானே ஒத்திசைத்துக்கொள்கிறது. கடிகாரம் சரியாக இருக்கும்போது இந்தப் பிழை வேறு எதனால் வரக்கூடும்?

---

கல்முனைக் கணினியர்

வணக்கம். நீங்கள் ஒப்பிட்டது திரையில் தெரியும் மணியை மட்டுமே. டோக்கனைச் சரிபார்க்கும் நிரல் அந்த மணியைப் பார்ப்பதே இல்லை என்பதால், உங்கள் சோதனை இக்கேள்விக்கு விடை தராது.

ஜேடபிள்யூடி டோக்கனுக்குள் பொதுவாக மூன்று நேரக் குறிப்புகள் இருக்கும்: எப்போது வழங்கப்பட்டது, எந்த நேரத்துக்கு முன் ஏற்கக்கூடாது, எந்த நேரத்தோடு காலாவதியாகிறது. மூன்றும் 1970 சனவரி 1 ஆம் திகதி உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகளின் எண்ணிக்கையாகவே எழுதப்படுகின்றன. அவற்றில் இலங்கை நேரமும் இல்லை, சிங்கப்பூர் நேரமும் இல்லை. உங்கள் சேவையகம் தன் சொந்த நொடி எண்ணை எடுத்து, டோக்கனில் உள்ள எண்ணோடு ஒப்பிடுகிறது. தன் எண் சிறியதாக இருந்தால், எதிர்காலத் திகதியிட்ட காசோலையை வங்கிக் காசாளர் திருப்பிக் கொடுப்பதைப் போல டோக்கனைத் திருப்பிவிடும். காசோலை நல்லதுதான், காசாளரின் நாட்காட்டிதான் பின்தங்கியிருக்கிறது.

உலாவி சுற்றுவதற்கும் இதுவே காரணம். உங்கள் சேவையகம் டோக்கனை மறுத்து, பயனரைச் சிங்கப்பூருக்கு அனுப்புகிறது. அங்கே அவர் ஏற்கனவே உள்நுழைந்தவர் என்பதால், எதையும் கேட்காமல் புதிய டோக்கன் ஒன்று உடனே கிடைக்கிறது. அதையும் உங்கள் சேவையகம் மறுக்கிறது. ஆறு இலக்க எண் ஏற்கப்படுவதைக் கொண்டு ஒரு முடிவுக்கு வரலாம். அந்த எண் பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை மாறுவது. சரிபார்க்கும் இயந்திரத்தின் கடிகாரம் ஓரிரு நிமிடம் பிசகினாலும் பொதுவாக ஏற்கப்படாது. ஆகவே சிங்கப்பூர்ச் சேவையகத்தையும் ஆசிரியர்களின் கைத்தொலைபேசிகளையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. மீதமிருப்பவை உங்கள் அலுவலகத்தின் இரண்டு இயந்திரங்களே. பாதிப்பேருக்கு மட்டும் பிழை வருவதையும், குக்கீயை அழித்தால் சிலருக்குச் சரியாவதையும் பார்த்தால், லோட் பேலன்சர் ஒவ்வொருவரையும் குக்கீயின் வழியே ஒரே சேவையகத்தோடு கட்டிவைத்திருக்கிறது என்றும், இரண்டில் ஒன்றுதான் பிசகியிருக்கிறது என்றும் ஊகிக்கிறேன்.

இரண்டிலும் டேட் கட்டளையை நொடி எண்ணைக் காட்டும்படி ஒரே வேளையில் இயக்கி, கிடைக்கும் எண்களை இங்கே எழுதுங்கள். கட்டளை வரியில் கை வைக்க விருப்பமில்லை என்றால் வேறு வழியும் உண்டு. வலைச் சேவையகங்கள் அனுப்பும் மறுமொழித் தலைப்புகளில் அவற்றின் நேரம் கிரீன்விச் நேரத்தில் வழக்கமாக எழுதப்பட்டிருக்கும். உலாவியின் உருவாக்குநர் கருவியில் அதைப் பார்க்கலாம். இடையில் உள்ள லோட் பேலன்சர் அத்தலைப்பை மாற்றிவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு சேவையகத்தையும் அதன் உள்முகவரியில் நேரடியாகத் திறந்து பாருங்கள்.

---

வாவிக்கரை

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். முதலாவது சேவையகம் சிங்கப்பூரோடு ஒரு நொடிக்குள் ஒத்துப்போகிறது. இரண்டாவது ஏறக்குறைய 1800 நொடி பின்தங்கியிருக்கிறது. அரை மணித்தியாலம்! ஆனால் திரையில் இரண்டும் ஒரே மணியைக் காட்டுகின்றன. இது எப்படிச் சாத்தியம் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாவதில், நேர அமைப்பைக் காட்டும் டைம்டேட்சிடிஎல் கட்டளையைக் கொடுத்தால், நேர வலயத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. உலகப் பொது நேரத்தோடு கூட்டல் 6 மணி என்று மட்டும் வருகிறது. ஒத்திசைவு இயக்கத்தில் இல்லை என்றும் காட்டுகிறது.

---

சுருக்குவழி

வேலை நடக்க வேண்டும் என்றால், டோக்கனைச் சரிபார்க்கும் நிரல் நூலகத்தின் அமைப்பில் நேரச் சலுகை (கடிகார வித்தியாசத்தை இவ்வளவு வரை பொறுக்கலாம் என்ற அளவு) என்று ஒன்று இருக்கும். அதை 3600 நொடியாக வைத்துவிடுங்கள். ஆசிரியர்கள் இன்றைக்கே உள்ளே போவார்கள்; கடிகாரத்தைப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

---

கல்முனைக் கணினியர்

நண்பர் சொல்வது வேலை செய்யும். ஆனால் அதைச் செய்ய வேண்டாம். சலுகை நேரம் தொடக்கத்துக்கு மட்டும் பொருந்துவதன்று, முடிவுக்கும் பொருந்தும். பத்து நிமிடத்தில் காலாவதியாக வேண்டிய டோக்கன், ஒரு மணித்தியாலச் சலுகையோடு எழுபது நிமிடம் உயிரோடு இருக்கும். பொதுக் கணினியில் ஒருவர் விட்டுச்சென்ற டோக்கனை இன்னொருவர் எடுத்தால் அவருக்கும் அத்தனை நேரம் கிடைக்கும். 2015 இல் வெளியான ஜேடபிள்யூடி வரையறையே, சலுகை வழக்கமாகச் சில நிமிடங்களுக்கு மேற்படாது என்கிறது. விண்டோஸ் வலையமைப்புகளில் பயன்படும் கெர்பெரோஸ் என்ற உள்நுழைவு முறையிலும் இயல்பான எல்லை 5 நிமிடமே. நான் என் சேவையகங்களில் ஒரு நிமிடத்துக்கு மேல் வைப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பின்தங்கிய கடிகாரம் நல்ல டோக்கனை மறுப்பதோடு நில்லாமல், காலாவதியான டோக்கனை அரை மணித்தியாலம் கூடுதலாக ஏற்றுக்கொண்டும் வருகிறது. மறுப்பது எல்லோருக்கும் தெரிகிறது, முறைப்பாடு வருகிறது. ஏற்பதைப் பற்றி எவரும் முறையிடமாட்டார்கள்.

---

படுவான்கரை

வாவிக்கரை அவர்களே, கூட்டல் 6 மணி என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் விடயம் விளங்கிவிட்டது. இலங்கையின் நேரம் எல்லாக் காலத்திலும் கூட்டல் 5.30 ஆகவே இருக்கவில்லை. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டின்போது, கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டு கூட்டல் 6.30 ஆயின. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டு கூட்டல் 6 ஆனது. 2006 ஏப்ரல் 15 ஆம் திகதி, புதுவருடத்துக்கு மறுநாள், மீண்டும் கூட்டல் 5.30 க்கு வந்தோம். எமது பக்கத்தவர்களுக்கு இது மறக்கக்கூடிய விடயமன்று. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 ஆம் ஆண்டின் மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்ததால், அக்காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இரண்டு நேரங்கள் நடந்தன. நேரத்தைச் சொல்லும்போது எந்த நேரம் என்றும் சேர்த்துச் சொன்னால்தான் சந்திக்க முடியும். உங்கள் இரண்டு சேவையகங்களும் இன்று அதே நிலையில்தான் இருக்கின்றன.

உங்கள் இரண்டாவது சேவையகத்தில் உள்ள நேர வலயக் கோப்பு 2006 க்கு முன் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், அல்லது யாராவது நிறுவும்போது டாக்காவைத் தெரிவுசெய்திருக்க வேண்டும். வங்காளதேசம் கூட்டல் 6 இல்தான் இருக்கிறது. டாக்காவை முறைப்படி தெரிவுசெய்திருந்தால் பெயர் தெரிந்திருக்கும். பெயர் இல்லை என்பதால், கோப்பு வேறெங்கிருந்தோ நகலெடுக்கப்பட்டது என்றே நினைக்கிறேன். லினக்ஸில் உள்ளூர் நேரக் கோப்பு வலயக் களஞ்சியத்தை நோக்கிய இணைப்பாக இருக்க வேண்டும். நகலெடுத்த கோப்பாக இருந்தால், இயங்குதளம் எத்தனை முறை இற்றைப்படுத்தப்பட்டாலும் அது பழைய விதியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இனி நடந்ததை ஊகிப்பது கடினமன்று. தொடக்கத்தில் ஒத்திசைவு இயங்கியிருக்கும், உலகப் பொது நேரமும் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் வலயம் கூட்டல் 6 என்பதால் திரையில் மணி அரை மணித்தியாலம் முந்தியிருக்கும். அதைக் கண்ட ஒருவர் கையால் மணியைத் திருத்தியிருப்பார். ஒத்திசைவு அதை மறுபடியும் "குழப்பியிருக்கும்". அவர் ஒத்திசைவையே நிறுத்தியிருப்பார். அன்றிலிருந்து திரையில் மணி சரி, உள்ளே நொடி எண் 1800 குறைவு. காலை பத்து மணி என்பது உண்மையில் உலகப் பொது நேரம் 4.30, அந்த இயந்திரம் பத்திலிருந்து ஆறைக் கழித்து 4.00 என்று நம்புகிறது. சிங்கப்பூர் 4.30 என்று எழுதிக் கொடுக்கும் டோக்கனை அது ஏற்காததில் வியப்பில்லை.

---

வாவிக்கரை

இணைப்பு இல்லை, தனிக் கோப்பேதான். முன்பு இங்கிருந்த உத்தியோகத்தரின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆழிப்பேரலைக்குப் பின் 2005 இல் அன்பளிப்பாகக் கிடைத்த சேவையகம் ஒன்றிலிருந்து அமைப்புக் கோப்புகளை அப்படியே புதிய இயந்திரத்துக்குக் கொண்டுவந்ததாக எழுதியிருக்கிறார். 2005 என்றால் கூட்டல் 6 காலம். "நேரம் அடிக்கடி மாறுகிறது, என்டிபி நிறுத்தப்பட்டது" என்ற வரியும் இருக்கிறது. (என்டிபி என்பது இணையத்தின் வழியே நேரத்தை ஒத்திசைக்கும் முறை.) இப்போது வலயத்தைத் திருத்தி, என்டிபியை மறுபடி இயக்கினால் போதுமா? தவணைப் பரீட்சைப் புள்ளிகள் பதியப்படும் வாரம் என்பதால் தயக்கமாக இருக்கிறது.

---

அக்கரை நுட்பம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். காரணத்தைச் சகோதரர்கள் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் திருத்தும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் அவசரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இரண்டாவது சேவையகத்தை லோட் பேலன்சரிலிருந்து கழற்றிவிடுங்கள். முதலாவது தனியாகவே சுமையைத் தாங்குமானால், ஆசிரியர்களின் தொல்லை அந்தக் கணமே தீர்ந்துவிடும். மீதியை நிதானமாகச் செய்யலாம். நண்பர் சொன்ன சுருக்குவழிக்கும் இதுவே சரியான விடை.

பிறகு வலயத்தை ஆசியா/கொழும்பு என்று மாற்றுங்கள். மாற்றியவுடன் திரையில் மணி அரை மணித்தியாலம் பின்னால் போகும். அதைக் கண்டு எவரும் மறுபடியும் கையால் திருத்திவிடக்கூடாது. உள்ளே இருந்த பிழைதான் வெளியே தெரிகிறது. அதன் பின்னரே ஒத்திசைவைத் தொடங்க வேண்டும். இங்கே எந்த மென்பொருள் என்பது முக்கியம். பழைய என்டிபிடி நிரல், வித்தியாசம் 1000 நொடியைத் தாண்டினால், ஏதோ பெருந்தவறு என்று கருதித் தானாகவே நின்றுவிடும். உங்களுடையது 1800. தொடக்கத்தில் ஒரே ஒருமுறை பெரிய தாவலை அனுமதிக்கும் விருப்பத்தைக் கொடுக்காவிட்டால் அது ஓடாது. பதிவுக் கோப்பில் ஒரு வரியை எழுதிவிட்டுப் போய்விடும். தாவாமல் மெதுவாக இழுத்துச் சரிசெய்யச் சொன்னாலோ, அது நொடிக்கு அரை மில்லிநொடிக்கு மேல் இழுக்காது என்பதால் 1800 நொடியைக் கடக்க நாற்பது நாளுக்கு மேலாகும். குரோனி என்ற புதிய நிரலை நிறுவுங்கள் என்பதே என் பரிந்துரை. அது வேகமாக இழுக்கும். அப்படியும் இவ்வளவு இடைவெளிக்கு ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் எடுக்கும். செயலியை நிறுத்திவிட்டு, ஒரேயடியாகத் தாவும்படி கட்டளை கொடுங்கள். நல்ல வேளையாக உங்கள் தாவல் முன்னோக்கியது. பின்னோக்கியதாக இருந்தால் தரவுத்தளத்தில் ஒரே நேரம் இரண்டு முறை வந்து பெரும் குழப்பமாகியிருக்கும்.

தாவிய பிறகு வன்பொருள் கடிகாரத்திலும் (இயந்திரம் நின்றிருக்கும்போதும் பற்றரியில் ஓடும் கடிகாரம்) சரியான நேரத்தை எழுதிவையுங்கள். அதை உலகப் பொது நேரத்திலேயே வைத்திருங்கள். அடுத்து, உங்கள் தீயரண், என்டிபி பயன்படுத்தும் யூடிபி 123 ஆம் துறையில் வெளியே போக விடுகிறதா என்று பாருங்கள். பல அலுவலகங்களில் வலைப் போக்குவரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடிவைத்திருப்பார்கள். என்டிபி இயங்குவதாகக் காட்டும், ஆனால் ஒரு பதிலும் வராது. குரோனியின் மூலப் பட்டியலில் ஒவ்வொரு மூலத்துக்கும் எதிரே கடைசியாக எப்போது பதில் கிடைத்தது என்பது தெரியும். அதைப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். நேர மூலங்கள் குறைந்தது நான்கு இருக்கட்டும். இரண்டே இருந்து அவை முரண்பட்டால், எது பொய் சொல்கிறது என்று நிரலால் தீர்மானிக்க முடியாது.

இவை மெய்நிகர் இயந்திரங்களா? அப்படியானால் தாய் இயந்திரம் (அவற்றை ஓட்டும் உண்மைக் கணினி) தன் நேரத்தை உள்ளே திணிக்கும் வசதியை நிறுத்துங்கள், அல்லது தாய் இயந்திரத்தை முதலில் சரிசெய்யுங்கள். இருவர் ஒரே கடிகாரத்தைத் திருப்பினால் அது நிலைக்காது.

---

பாசிக்குடா

ஒரு துணைக் குறிப்பு. எங்கள் பக்கம் மின்வெட்டுக்குப் பிறகு இதே உள்நுழைவுப் பிழை வேறு காரணத்தால் வருவதுண்டு. தாய்ப்பலகையில் உள்ள சிஆர் 2032 பற்றரி செத்துப்போயிருந்தால், மின்சாரம் திரும்பும்போது கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். அப்போது டோக்கன் மட்டுமன்றி, பாதுகாப்புச் சான்றிதழ்களும் இன்னும் தொடங்காதவையாகத் தெரிவதால், வலைத்தொடர்பே அறுந்துவிடும். பெயரை எண் முகவரியாக மாற்றும் பெயர்த் தீர்வில் டிஎன்எஸ்செக் என்ற ஒப்பச் சரிபார்ப்பு இருந்தால் என்டிபி சேவையகத்தின் பெயரைக்கூடக் கண்டறிய முடியாது. நேரம் பிழை என்பதால் பெயர் கிடைக்காது, பெயர் கிடைக்காததால் நேரம் திருந்தாது. ஒரு மூலத்தையாவது எண் முகவரியாகக் கொடுத்துவையுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் 4 ஆம் பதிப்பு வரையிலான பலகைகளில், பற்றரியில் ஓடும் இத்தகைய கடிகாரமே இல்லை என்பதையும், வரவுக் கருவியாக அவற்றைப் பயன்படுத்துபவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

---

வாவிக்கரை

அக்கரை நுட்பம் சொன்ன வரிசையிலேயே செய்து முடித்தேன். யூடிபி 123 உண்மையிலேயே மூடியிருந்தது; அதையும் திறந்தாயிற்று. இரண்டு சேவையகங்களும் இப்போது சில மில்லிநொடிகளுக்குள் ஒத்துப்போகின்றன. உள்நுழைவில் எவருக்கும் பிழை இல்லை. எல்லோருக்கும் என் நன்றி.

ஒரேயொரு சிக்கல் மீதமிருக்கிறது. எட்டு மணிக்கு வந்த மாணவர் சில அறிக்கைகளில் ஏழரைக்கு வந்தவராகத் தெரிகிறார் என்று எமது கணக்காளர் நெடுநாளாகச் சொல்லி வந்தார். அதன் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது: இரண்டாவது சேவையகம் பிழையான உலகப் பொது நேரத்தைத் தரவுத்தளத்தில் எழுதி, தானே படிக்கும்போது ஆறு மணியைக் கூட்டிச் சரியாகக் காட்டியிருக்கிறது, முதலாவது படித்தால் ஐந்தரையைக் கூட்டி அரை மணித்தியாலம் குறைத்துக் காட்டியிருக்கிறது. இப்போது இரண்டும் குறைத்தே காட்டுகின்றன. எந்த வரியை எந்தச் சேவையகம் எழுதியது என்ற குறிப்பு அட்டவணையில் இல்லை. பழைய பதிவுகளைத் திருத்த வழியுண்டா?

---

கல்முனைக் கணினியர்

வரிகளுக்குத் தானாக ஏறும் தொடர் எண் இருக்கிறதா? தரவுத்தளம் ஒன்றே என்பதால், எழுதிய சேவையகம் எதுவாயினும் அந்த எண் ஏறக்குறைய எழுதப்பட்ட ஒழுங்கிலேயே ஏறியிருக்கும். தொடர் எண்ணின்படி அடுக்கிப் பாருங்கள். நேரம் ஏறிக்கொண்டே போய், திடீரென்று அரை மணித்தியாலம் கீழே விழுந்து, மறுபடி மேலே வரும். கீழே விழுந்து நிற்பவை இரண்டாவது சேவையகம் எழுதியவை; அவற்றுக்கு மட்டும் 1800 நொடியைக் கூட்ட வேண்டும். காலை வேளையில் வரவு நெருக்கமாகப் பதியப்படுவதால் அங்கே ஐயம் இருக்காது. பிற்பகலில் தனித்து நிற்கும் வரிகளை மட்டும் லோட் பேலன்சரின் பழைய பதிவுக் கோப்புகளோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். கையால் மணி வைக்கப்பட்ட கடிகாரம் நாளடைவில் சற்று நகர்ந்திருக்கும் என்பதால், பழைய மாதங்களில் வித்தியாசம் சரியாக 1800 ஆக இராமல் சில நொடிகளோ நிமிடங்களோ மாறலாம். வரவுப் பதிவுக்கு அது பொருட்டன்று, கட்டணப் பற்றுச்சீட்டுகளின் நேரத்தைத் திருத்துவதானால் கணக்காளரோடு பேசி, மூல நேரத்தை அட்டவணையின் வேறொரு நெடுவரிசையில் பாதுகாத்துவைத்த பிறகு கை வையுங்கள்.